வலிக்கிற மணிக்கட்டுக்கு எந்த வி.ஆர். கன்ட்ரோலர்?

"டேய், அந்த ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு ரெண்டு கையிலயும் வாள் வீசுறியே, அது எனக்கும் ஒண்ணு பாரு. வாக்கிங் போக நேரமே கிடைக்கல" என்று அக்கா கேட்டபோது எனக்கு ரொம்ப சந்தோஷம். கூடவே ஒரு கவலையும் வந்தது. அக்காவுக்கு வலது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டு ஓரமாக, இரண்டு வருஷமாக வலி இருக்கிறது. குக்கரைப் பிடியில் பிடித்துத் தூக்கினாலே சுருக்கென்று இழுக்கும். கை பெரியதும் இல்லை. என் கையுறை அவள் கையில் ஆடும்.

வி.ஆர். (கண்ணை மூடும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு செயற்கை உலகத்துக்குள் விளையாடுவது) வாங்குகிறவர்கள் திரையின் தெளிவு, சிப், விலை எல்லாவற்றையும் அலசுவார்கள். கையில் பிடித்து விளையாட்டை இயக்கும் கன்ட்ரோலரைப் பெட்டியோடு வருகிற சாமான் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் விளையாடும் நேரம் முழுக்க நம் கை தொட்டுக்கொண்டிருப்பது அதைத்தான். கண்ணுக்குத் தெரியும் உலகம் எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும், கையில் இருப்பது உறுத்தினால் இருபது நிமிஷத்தில் கழற்றி வைத்துவிடுவோம்.

எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, புதிதாக ஒரு மெட்டா குவெஸ்ட் 3எஸ் ஹெட்செட். இரண்டு, நண்பர் ஒருவர் விற்க வைத்திருந்த பழைய வால்வ் இண்டெக்ஸ் செட். மூன்று, அக்கா வீட்டில் பையன் விளையாடும் பிளேஸ்டேஷன் 5 ஏற்கெனவே இருப்பதால் அதனோடு சேரும் பிளேஸ்டேஷன் வி.ஆர்.2. மூன்றையும் இரவல் வாங்கி, சில வாரங்கள் நானும் அக்காவும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தோம்.

பேனாவை வைத்து ஒரு சோதனை

ஒரு பேனாவை எடுத்து முஷ்டிக்குள் இறுக்கிப் பிடியுங்கள். முன்கையும் முஷ்டியும் ஒரே கோட்டில் இருக்கட்டும். இப்போது பேனா எதிர்ச் சுவரைப் பார்க்காது. மேலே கூரைப் பக்கம் சாய்ந்து நிற்கும். அதைச் சுவரை நோக்கித் திருப்ப வேண்டுமென்றால் மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மடக்கியாக வேண்டும். அப்படி மடக்கும்போது கட்டைவிரல் பக்கத்துத் தசைநாண்கள் இழுபடுகின்றன. டி குவர்வேன் என்று மருத்துவர்கள் சொல்லும் வலியைக் கண்டுபிடிக்கச் செய்கிற சோதனையே கிட்டத்தட்ட இதுதான். கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி மடக்கச் சொல்லி, கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்ப்பார்கள். வலி இருக்கிறவர் துடித்துவிடுவார். அக்காவுக்கு பிசியோதெரபிஸ்ட் இதைச் செய்து பார்த்திருக்கிறார்.

நேரான குச்சி போன்ற ஒரு கன்ட்ரோலரைப் பிடித்து முன்னால் நீட்டும்போது நாம் அறியாமலே அதே மடக்கலைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம். 2016 ஏப்ரலில் வந்த எச்.டி.சி. வைவ் கன்ட்ரோலர் அப்படித்தான் இருந்தது. நீளமான காம்பு, தலையில் ஒரு வளையம், சுமார் 200 கிராம் எடை, கட்டைவிரலால் சாய்க்கும் ஸ்டிக்குக்குப் பதில் விரலால் தடவும் ஒரு வட்ட டிராக்பேட். பொருளை எடுக்க ஆள்காட்டி விரலுக்கான ட்ரிகர் விசையையோ காம்பின் இரண்டு பக்கமும் இருக்கும் கிரிப் பட்டனையோ அழுத்த வேண்டும். எடுத்ததை விடாமல் வைத்திருக்கப் பெரும்பாலும் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அதுவே பெரிய அதிசயம். நானும் மணிக்கணக்கில் பிடித்திருக்கிறேன். ஆனால் இன்று அக்கா கையில் அதைக் கொடுக்க மாட்டேன்.

அதே வருஷம் டிசம்பரில் ஆக்குலஸ் (இன்று மெட்டா) டச் கன்ட்ரோலர் வந்தபோது பிடியே மாறியது. மேலே பட்டன்கள் இருக்கும் தட்டுக்கும் கீழே கைப்பிடிக்கும் நடுவில் ஒரு சாய்வு வைத்தார்கள். கை பாதி மூடிய நிலையில் தளர்வாக நிற்கும், ஆள்காட்டி விரல் ட்ரிகரில் தானாகப் போய் உட்காரும், பேட்டரி கைப்பிடிக்குள்ளேயே இருப்பதால் எடை உள்ளங்கைக்குள் நிற்கும். இன்றைய கன்ட்ரோலர்கள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவைதான். நாங்கள் பார்த்த மூன்றிலும் சாய்வு கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசப்படும். ஒன்றில் நேராகச் சுடும் துப்பாக்கி இன்னொன்றில் தரையையோ கூரையையோ பார்க்கும். பாட்டுக்கு ஏற்றபடி பறந்து வரும் கட்டைகளை வாளால் வெட்டும் பீட் சேபர் போன்ற விளையாட்டுகளில் வாளின் கோணத்தை மாற்ற அமைப்பு இருக்கிறது. வலி இருக்கிறவர் முதலில் தேட வேண்டிய மெனு அதுதான். வாளைச் சில டிகிரி முன்னோக்கிச் சாய்த்துவிட்டால் மணிக்கட்டை நேராக வைத்தே வெட்டலாம். அக்காவுக்கு நான் செய்ததிலேயே அதிகம் உதவியது இந்த ஒரு மாற்றம். செலவும் இல்லை.

எடையைப் பற்றி

மூன்றின் கிராம் கணக்கு இது. குவெஸ்ட் 3எஸ்ஸோடு வரும் டச் பிளஸ், பேட்டரியோடு சேர்த்து ஒரு கைக்கு 125 கிராம் அளவில் இருக்கும். பிளேஸ்டேஷன் வி.ஆர்.2-இன் சென்ஸ் கன்ட்ரோலர் 170 கிராமுக்குப் பக்கம். இண்டெக்ஸ் 196 கிராம்.

படித்தவுடன் டச் பிளஸ்தான் சுகம் என்று தோன்றும். பாதி சரி. எடை எங்கே இருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். ஒரு சுத்தியலைத் தலைப் பக்கம் பிடித்து ஆட்டிப் பாருங்கள், அப்புறம் காம்பின் நுனியில் பிடித்து ஆட்டுங்கள். அதே சுத்தியல்தான், ஆனால் இரண்டாவது முறை மணிக்கட்டு திணறும். எடை இருக்கும் தூரம் இரண்டு மடங்கானால் அதைச் சுழற்றித் திருப்பப் படும் பாடு நான்கு மடங்காகும். அதனால்தான் தலையில் வளையம் வைத்த வைவ் குச்சி அவ்வளவு முன்கனமாகத் தெரிந்தது. முஷ்டியைச் சுற்றியே வளையம் வைத்த சென்ஸ், காகிதத்தில் டச் பிளஸ்ஸைவிட நாற்பது கிராமுக்கு மேல் கூடுதலாக இருந்தும் அந்த அளவுக்குக் கனமாகத் தெரியவில்லை.

அதைவிடவும் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கை அந்தப் பொருளை எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டுமா, அல்லது இடையிடையே விட முடியுமா? கையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் இருங்கள். கனமே இல்லை, ஆனாலும் விரல்கள் ஓய்வே இல்லாமல் மடங்கியிருப்பதால் முன்கை இறுகிப்போகும். இதை எனக்குப் புரியவைத்தது இண்டெக்ஸ்.

கையை விடலாம்

இண்டெக்ஸ் 2019 ஜூனில் வந்தது. அந்தக் கன்ட்ரோலரை 'நக்கிள்ஸ்' என்றே எல்லோரும் சொல்வார்கள். விரல் மூட்டுகளுக்குக் கீழே, புறங்கையின் மேல் ஒரு பட்டை வரும்; அடியில் இருக்கும் கயிற்றை இழுத்தால் இறுகும். பட்டை இறுகியதும் ஐந்து விரலையும் விரித்துவிடலாம், கன்ட்ரோலர் கீழே விழாது. முதல் தடவை அக்காவிடம் "விரலை விடு" என்றதும் பயந்தாள். "விழுந்துட்டா யாரு காசு கொடுப்பா" என்று இரண்டு கையையும் மடியருகே வைத்துக்கொண்டு மெதுவாக விரலைத் திறந்தாள். எதிரே திரையில் அவளுடைய கையும் அப்படியே திறந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமே செய்யாமல் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த அனுபவத்துக்கு ஈடாக நான் வேறு எதையும் பிடித்ததில்லை. ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் 87 சென்சார்கள் இருக்கின்றன. விரல் எங்கே இருக்கிறது என்பதோடு எவ்வளவு அழுத்துகிறோம் என்பதும் தெரியும். ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் விளையாட்டில் ஒரு தகர டப்பாவை எடுத்து அழுத்தினால் நசுங்கும். பொருளை வீசுவதற்கு நிஜத்தில் வீசுவது போலவே கையை விட்டுவிட்டால் போதும். சாதாரண கன்ட்ரோலரில் வீசும்போது, 'பிடியை விரலால் விடு, ஆனால் கன்ட்ரோலரை விட்டுவிடாதே' என்று மூளை இரண்டு கட்டளை கொடுக்கிறது. அந்தச் சின்னத் தயக்கம் போனபோதுதான் அது இவ்வளவு நாளும் இருந்தது என்பதே எனக்குத் தெரிந்தது.

கை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் டிராக்கிங்கும் வேறு மாதிரி. அறை மூலையில் மாட்டும் பேஸ் ஸ்டேஷன் பெட்டிகளின் லேசரைக் கன்ட்ரோலரே உணர்ந்துகொள்வதால், கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாலும், வில்லின் நாணைக் காது வரை இழுத்தாலும் தவறாது. மற்ற இரண்டிலும் ஹெட்செட்டின் கேமராதான் கையைப் பார்க்கிறது. கை மறைந்த சில கணங்களுக்கு உள்ளிருக்கும் அசைவுச் சென்சாரை வைத்துச் சமாளிக்கும், அதிகம் நேரமானால் தடுமாறும்.

ஆனாலும் அக்காவுக்கு இது ஒத்துவரவில்லை. காரணம் எடை. பொறுமையாக நகரும் விளையாட்டுகளில் பட்டை தாங்கிக்கொள்வதால் 196 கிராம் தெரியவே தெரியாது. வாளை வேகமாக வீசித் திருப்பும்போது அவ்வளவும் மணிக்கட்டில் வந்து இறங்குகிறது. கால் மணி நேரத்தில் கட்டைவிரல் பக்கம் பிடித்துக்கொண்டது. கை சிறியதாக இருப்பதால் பட்டையின் மேல் நுனியை எவ்வளவு நகர்த்தியும் மேல் பட்டனுக்குக் கட்டைவிரல் எட்டி எட்டித்தான் போனது. இரண்டாவது கைக்குக் கயிறு இழுக்க, ஏற்கெனவே மாட்டியிருக்கும் முதல் கையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதும் வலிக்கிற கைக்குத் தொல்லை. அதற்கு மேல் விளையாடத் தெம்பான கணினி ஒன்று வேண்டும். அது அக்கா வீட்டில் இல்லை.

சென்ஸ்: தொடும்போது பதில் சொல்வது

பிளேஸ்டேஷன் வி.ஆர்.2 வந்தது 2023 பிப்ரவரியில். அதற்கு முன்பு, 2016-இல் வந்த முதல் பி.எஸ். வி.ஆருக்குச் சோனி 2010-இல் விற்ற மூவ் குச்சிகளையே கொடுத்தார்கள்; அதில் நடக்க ஸ்டிக்கே கிடையாது. அங்கிருந்து சென்ஸுக்கு வந்த தூரம் மிகப் பெரியது.

தொடு உணர்வில் சென்ஸ்தான் முதல் இடம். ட்ரிகரில் ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. விளையாட்டு கேட்கும்போது ட்ரிகர் இறுகும். வில்லை இழுத்தால் நாண் இறுகுவது விரலுக்குத் தெரியும், துப்பாக்கியில் குண்டு தீர்ந்தால் ட்ரிகர் வெறுமையாக விழும். அதிர்வும் வெறும் 'டர்ர்' என்று இல்லாமல், மழைத்துளி ஒரு மாதிரி, கல் உரசுவது ஒரு மாதிரி என்று பிரித்துத் தெரியும். அக்காவுக்கு மூன்றிலும் பிடித்த உணர்வு இதுதான். இறுகும் ட்ரிகர் வலிக்கிற கைக்கு ஆகாது என்று நான் பயந்தேன். அதைக் குறைக்கவும் நிறுத்தவும் அமைப்பில் வழி இருக்கிறது.

குறை என்னவென்றால் வளையம். ஹெட்செட்டை மாட்டிய பிறகு கண் தெரியாமல் வளையத்துக்குள் கையை நுழைப்பது பழகச் சில நாள் ஆகும். இரண்டு கையையும் பக்கத்தில் கொண்டுவந்தால் வளையங்கள் முட்டிக்கொள்ளும். துப்பாக்கியில் குண்டு மாற்றும்போது அடிக்கடி நடக்கிறது. உள்ளே இருக்கும் பேட்டரி சில மணி நேரந்தான் தாங்கும். இரண்டையும் மறக்காமல் சார்ஜில் போட வேண்டும்; பையனும் அம்மாவும் மாறி மாறி விளையாடும் வீட்டில் அது தினசரிச் சண்டை. இன்னொன்று, கணினியோடு இணைக்கச் சோனி 2024 ஆகஸ்டில் விற்க ஆரம்பித்த அடாப்டரை நம்பி வாங்குகிறவர்களுக்கு: அந்த வழியில் இறுகும் ட்ரிகர் வேலை செய்யாது. சென்ஸை இவ்வளவு விரும்ப வைப்பதே அதுதான் என்பதால் கணினிக்காக மட்டும் இதை வாங்காதீர்கள்.

டச் பிளஸ்: தனியாக இருந்தால் சுமார், பட்டை போட்டால் அருமை

2023 அக்டோபரில் குவெஸ்ட் 3-உடன் வந்த இதே கன்ட்ரோலர்தான் 2024 அக்டோபரில் குவெஸ்ட் 3எஸ்ஸுடனும் வந்தது. வளையம் இல்லை. முந்தைய குவெஸ்ட் 2 கன்ட்ரோலர் 150 கிராம் அளவில் வளையத்தோடு இருந்தது. அதைப் பிடித்துப் பழகியவர் இதை எடுத்தால் ஏதோ காணாமல் போனது போல இருக்கும். கைகளைச் சேர்த்து வைத்தாலும் முட்டுவதில்லை. ஆனால் வளையம் ஒரு கவசமாகவும் இருந்தது என்பதைச் சுவரில் விரல் மூட்டு இடித்த அன்று தெரிந்துகொண்டேன். இடம் அளந்து எல்லைக்கோடு போடுவதில் சோம்பல் படாதீர்கள்.

பெட்டியிலிருந்து எடுத்தபடியே பிடித்தால், உண்மையில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. கூட வரும் கயிறு மணிக்கட்டில் மாட்டுவது மட்டுமே. கன்ட்ரோலர் பறந்துபோய் டிவியில் விழாமல் அது காக்கும், கைக்கு ஓய்வு தராது. (அந்தக் கயிறும் அலட்சியமான விஷயம் இல்லை. 2006 டிசம்பரில் நின்டெண்டோ தன் வீ விளையாட்டுப் பெட்டியின் ரிமோட் கயிறுகள் அறுந்ததால் சுமார் 32 லட்சம் கயிறுகளை மாற்றிக் கொடுக்க முன்வந்தது.) விடாமல் பிடிக்க வேண்டியிருப்பதால், எடை இவ்வளவு குறைவாக இருந்தும் அக்காவின் முன்கை இறுகியது.

அப்புறம் ஒரு நக்கிள் ஸ்ட்ராப் வாங்கி மாட்டினேன். மெட்டாவே விற்கிறது, மற்றவர்களும் விற்கிறார்கள். புறங்கையைச் சுற்றி வரும் அந்தப் பட்டை மாட்டியதும் இதே கன்ட்ரோலர் வேறு பொருளாகிவிட்டது. இண்டெக்ஸில் பிடித்த 'கையை விடலாம்' என்ற சுகம் இங்கே வந்துவிட்டது, எடையோ அதில் மூன்றில் இரண்டு பங்குதான். விரல்களை ஒவ்வொன்றாகக் காட்டாது. கடைசி மூன்று விரல்களும் ஒரே கிரிப் பட்டனாகவே தெரியும். உடற்பயிற்சிக்கு அது ஒரு குறையே இல்லை.

பேட்டரி ஒரு சாதாரண டபுள் ஏ செல். இது பின்தங்கிய விஷயம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தீர்ந்தால் கடையில் வாங்கிப் போட்டு அடுத்த நிமிஷம் தொடரலாம், வருஷங்கள் கழித்து உள்ளே பேட்டரி செத்துப்போய்க் கன்ட்ரோலரையே தூக்கிப் போடும் நிலை வராது. சாதாரண ஆல்கலைன் செல் 23 கிராம் அளவில் இருக்கும். லித்தியம் செல் போட்டால் 15. எட்டு கிராம் பெரிய விஷயமா என்றால், வலிக்கிற கைக்கு அதுவும் விஷயம்தான். சார்ஜ் செய்யும் நிக்கல் செல்களும் ஓடும், கொஞ்சம் கனம் கூடும்.

மெட்டாவின் டச் புரோ பற்றியும் கேட்பார்கள். ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் மூன்று கேமரா வைத்துத் தானே தன் இடத்தைக் கண்டுபிடிக்கும் அருமையான பொருள், அதிர்வும் நயமானது. டச் பிளஸ்ஸைவிடக் கனம், தனி விலை. அக்காவுக்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டோம். கன்ட்ரோலரே இல்லாமல் வெறும் கையால் இயக்குவதும் 2019 டிசம்பரிலிருந்து குவெஸ்டில் இருக்கிறது. மெனு பார்க்க, படம் பார்க்க நல்லது. வாள் வீச, கையில் ஒன்றுமே இல்லாமல், அடித்தபோது அதிர்வும் இல்லாமல் இருப்பது எனக்கு உப்பில்லாத சோறு.

வியர்வையும் பழைய பொருளும்

சென்னை மே மாதத்தில் பதினைந்து நிமிஷம் ஆடினாலே கை நனைந்துவிடும். டச் பிளஸ்ஸின் மொழுமொழு பிளாஸ்டிக் வழுக்கும். பட்டை இருந்தால் கவலை இல்லை. சிலிக்கோன் உறையுடன் வரும் பட்டைகள் வியர்வையை உள்ளே தேக்கும், ஆட்டம் முடிந்ததும் கழற்றித் துடைத்து வையுங்கள். இண்டெக்ஸின் துணிப்பட்டை தோலுக்கு மிக இதமானது, ஆனால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், காய நேரமெடுக்கும். பல பேர் மாற்றி விளையாடும் வீட்டுக்கு இதையும் யோசிக்க வேண்டும்.

பழையது வாங்குகிறவர்கள் ஸ்டிக்கைக் கட்டாயம் பாருங்கள். நான் ஒரு தடவை ஆசைப்பட்டு ஒரு பழைய ஜோடியை வாங்கினேன். மாதம் முடிவதற்குள் இடது ஸ்டிக்கைத் தொடாமலேயே ஆள் ஓரமாக நடக்க ஆரம்பித்தார். ஸ்டிக்கின் அடியில் உரசி உரசி அளவு சொல்லும் பாகம் தேய்வதால் வருவது அது. கொஞ்சமாக இருந்தால் அமைப்பில் ஸ்டிக்கின் நடுவில் உணராத பகுதியைப் பெரிதாக்கிச் சமாளிக்கலாம். விற்பவர் எதிரிலேயே இணைத்து, ஸ்டிக்கை எல்லாத் திசையிலும் முழுக்கச் சாய்த்து அமுக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பேட்டரி உள்ளேயே இருக்கும் வகையென்றால் முழு சார்ஜில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்றும் கேளுங்கள்.

கடைசியில் அக்கா வாங்கியது

குவெஸ்ட் 3எஸ், நக்கிள் ஸ்ட்ராப், லித்தியம் செல். காசு கணக்கும் அதே பக்கம்தான் சாய்ந்தது: 3எஸ் முழு செட்டே அமெரிக்காவில் 299.99 டாலருக்கு வந்தது. இண்டெக்ஸ் கன்ட்ரோலர் ஜோடி மட்டுமே அது வந்தபோது 279 டாலர். ஆனால் விலை சமமாக இருந்திருந்தாலும் அந்த மணிக்கட்டுக்கு நான் இதைத்தான் சொல்லியிருப்பேன். வலி இல்லாத கை, வீட்டில் நல்ல கணினி, பொருட்களை எடுத்துப் புரட்டி வீசிப் பார்ப்பதில் ஆசை என்று இருப்பவருக்கு இண்டெக்ஸையே சொல்வேன். நண்பரின் அந்தச் செட்டை நானே வாங்கிக்கொண்டேன். பிளேஸ்டேஷன் 5 வைத்திருந்து, உட்கார்ந்து கதை விளையாடுகிறவருக்குச் சென்ஸ்.

அக்கா இப்போது காலையில் இருபது நிமிஷம் ஆடுகிறாள். வாளின் கோணத்தை நானே உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தேன். பட்டைக்கும் கைக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் அளவு இடம் விடச் சொன்னேன். வலது பக்கம் அதைவிடவும் கொஞ்சம் தளர்வாகவே மாட்டுகிறாள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கையைத் தொங்கவிட்டு விரல்களை விரித்து உதறுகிறாள், கன்ட்ரோலர் பட்டையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வலி போய்விடவில்லை. ஆடிய நாளில் அது கூடுவதும் இல்லை. போன வாரம் போன் செய்து, "அந்த வில்லு விளையாட்டு இதுல இருக்காடா?" என்று கேட்டாள். இருக்கிறது, நாண் மட்டும் இறுகாது என்றேன்.